குடியேற்ற ஆவணங்களில் பெயர் வேறுபாடு: மேடவாக்கம் வட்டாரம்

வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களும், அங்கே குடியேறிவிட்ட பிள்ளைகள் அழைத்துப் போகும் பெற்றோரும் கொடுக்கும் ஆவணங்களில் ஒரே ஆளின் பெயர் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பெயர் வேறுபாடு என்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளி மதிப்பெண் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்று தூதரகங்கள் எதிர்பார்க்கின்றன. தமிழ்நாட்டில் அப்படி ஒத்திருக்கும் குடும்பம் அபூர்வம். இதற்கு எழுத்துப்பிழை மட்டும் காரணமில்லை. தமிழர் பெயரிடும் முறையும் பாஸ்போர்ட் கேட்கும் முறையும் வேறு வேறு என்பதே முதல் காரணம்.

மேடவாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில், புனித தோமையார் மலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர். வேளச்சேரி – தாம்பரம் சாலையில் மாம்பாக்கம், சோழிங்கநல்லூர் சாலைகள் வந்து சேரும் இடம். பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் இங்கு நிறையக் குடியிருப்பதால், விசாவும் பாஸ்போர்ட்டும் வீட்டுப் பேச்சாகவே இருக்கும் ஊர். சென்னையில் அமைந்தகரை, சாலிகிராமம், தாம்பரம் என்று மூன்று பாஸ்போர்ட் சேவை மையங்கள் உண்டு. மேடவாக்கத்துக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தாம்பரம்.

முன்னெழுத்தும் குடும்பப் பெயரும்

தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இருப்பது இட்ட பெயரும் தந்தை பெயரின் முதல் எழுத்தும்தான். சாதிப் பெயரைப் பின்னொட்டாகச் சேர்க்கும் வழக்கம் இங்கே அருகியதற்குச் சுயமரியாதை இயக்கம் முக்கியக் காரணம். 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது இதே செங்கல்பட்டில்தான். வட இந்தியாவில் சாதிப் பெயர் நிரப்பும் கட்டத்தைத் தமிழ்நாட்டில் தந்தை பெயர் நிரப்புகிறது. ஒரு சமூகம் தெரிந்தே விட்டொழித்த ஒன்றைக் குடியேற்றப் படிவம் குறைபாடாகக் கணக்கிடுகிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

உலகெங்கும் பாஸ்போர்ட்டின் வடிவத்தை வகுப்பது பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303-ஆம் ஆவணம். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் கீழே இயந்திரம் படிக்க இரண்டு வரிகள் இருக்கும். வரிக்கு 44 இடம். முதல் வரியில் பெயருக்கு 39 இடம். குடும்பப் பெயர் முதலில் வரும், இட்ட பெயர் பின்னால் வரும், நடுவில் இரட்டைக் குறி. ரோமன் எழுத்தைத் தவிர வேறு எழுத்துக்கு அங்கே இடமில்லை. முன்னெழுத்தை இந்தியப் பாஸ்போர்ட் ஏற்பதில்லை. விரித்து எழுதச் சொல்கிறது. பள்ளிச் சான்றிதழில் ‘எம்.’ என்று ஒற்றை எழுத்தாக இருந்தது பாஸ்போர்ட்டில் ‘முருகேசன்’ என்று முழுப் பெயராகிவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவர் செந்தில்குமார், அவருடைய அப்பா முருகேசன். மனைவி கவிதா, அவருடைய அப்பா ராஜேந்திரன். மகள் இலக்கியா. பாஸ்போர்ட்டுகளில் கணவர் செந்தில்குமார் முருகேசன், மனைவி கவிதா ராஜேந்திரன், மகள் இலக்கியா செந்தில்குமார். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். அமெரிக்காவில் போய் இறங்கியதும் கணவரை அவருடைய அப்பா பெயரைச் சொல்லி ‘மிஸ்டர் முருகேசன்’ என்று அழைப்பார்கள். திருமணத்துக்குப் பின் ஆதாரில் மட்டும் கவிதா செந்தில்குமார் என்று மாற்றியிருந்தால் கவிதாவுக்கு இரண்டு பெயர் ஆகிவிடும். இந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் தவறாக எழுதவில்லை. ஆனாலும் ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, எல்லாவற்றையும் இட்ட பெயரிலேயே போட்டு வாங்கிய பாஸ்போர்ட்டுகளும் ஏராளம். இவற்றுக்கு அமெரிக்க விசா தரும்போது முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். இட்ட பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று வரும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு அங்கே எடுக்கும் ஓட்டுநர் உரிமத்திலும் வங்கி அட்டையிலும் அந்த மூன்றெழுத்தே பெயராக ஏறிவிடுவதுண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள இந்தியர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ வேறு பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் தளர்த்தியது.

எழுத்துக்கூட்டல்

தமிழ் ஒலிகளை ஆங்கிலத்தில் எழுத எல்லோரும் பின்பற்றும் ஒரே முறை இல்லை. ழகரத்துக்கு ஒருவர் ‘இசட் எச்’ போடுவார், இன்னொருவர் ‘எல்’ போடுவார். தகரத்துக்கு ‘எச்’ சேர்ப்பாரும் உண்டு, சேர்க்காதாரும் உண்டு. லட்சுமியை எழுத ‘கே எஸ் எச்’, ‘எக்ஸ்’ என்று இரண்டு வழி இங்கே. மலேசியப் பதிவேட்டில் அது ‘லெட்சுமி’ ஆகிவிடும். ஆதாரில் தமிழ் வடிவம் கணினி தானாகப் பெயர்த்ததாக இருந்தால் அதில் வேறு குழப்பம்.

அரசே முயன்றும் இது சீர்பட்டதில்லை. 2020-இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. கோயம்புத்தூர், வேலூர் பெயர்களுக்கு வந்த நீண்ட வடிவங்களைப் பார்த்து எழுந்த கேலியும் எதிர்ப்பும் தாங்காமல், ஜூன் மாதத்தில் வெளியான ஆணை அந்த மாதமே திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப் பெயருக்கே இந்தப் பாடு என்றால் ஆள் பெயருக்குக் கேட்கவே வேண்டாம்.

பிறந்த ஊர்

பெயர் சரியாக இருந்தும் பிறந்த இடத்தில் முரண்பாடு வருவது இந்த வட்டாரத்தின் தனிச் சிக்கல். 1990-களின் தொடக்கத்தில் மேடவாக்கத்தில் பிறந்தவர் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் பிறந்தவர். 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது ஊர் காஞ்சிபுரம் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகி, ஊர் அதற்குள் வந்தது. ஆள் இடம் மாறாமலேயே மாவட்டம் மாறிக்கொண்டிருந்தது.

பிறப்பு பதிவாவது குடியிருக்கும் ஊரில் அன்று, பிரசவம் நடந்த இடத்தில். மேடவாக்கத்துப் பெண் குரோம்பேட்டை மருத்துவமனையில் பிள்ளை பெற்றிருந்தால் பழைய சான்றிதழில் பல்லாவரம் நகராட்சி என்றிருக்கும். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபின் அந்தப் பதிவேடு மாநகராட்சியின் கையில். பக்கத்துப் பள்ளிக்கரணை 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பழைய சான்றிதழைத் திருத்தப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பதிவேடு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதுதான்.

பெற்றோரை அழைக்கும்போது

குடும்பக் குடியேற்றத்தில் சிக்கல் மிகுவது இங்கேதான். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகன் தாய்க்காக மனுச் செய்தால், இருவரின் உறவையும் காட்டும் முதன்மைச் சான்று மகனுடைய பிறப்புச் சான்றிதழ். பிரசவ வார்டில் கேட்டபோது வீட்டார் வாயில் வந்த பெயரே அதில் தாயின் பெயராக இருக்கும். பாஸ்போர்ட்டில் சரஸ்வதி என்றிருப்பவர் அங்கே ‘சரசு’ என்றிருப்பார். சில சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இராது. பெயர் வைக்குமுன் பதிந்துவிட்டு, பின்னர் சேர்க்க மறந்திருப்பார்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு 1970 ஏப்ரலில் நாட்டின் பெரும்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்த பெற்றோருக்குப் பதிவே இல்லாமல் இருப்பது இயல்பு என்பதை அமெரிக்கத் தூதரகமும் அறியும். பதிவு இல்லை என்று உள்ளாட்சி அமைப்பு தரும் சான்றோடு பள்ளிச் சான்றிதழ், பிறப்பை அறிந்த உறவினரின் உறுதிமொழிப் பத்திரம் போன்றவற்றை அது ஏற்கிறது. அப்போதும் உறவு தெளிவாகாவிட்டால் மரபணுச் சோதனை செய்யச் சொல்லலாம்.

திருத்தும் வழிகள்

பிறப்புச் சான்றிதழில் பிழை என்றால் 1969 சட்டத்தின் 15-ஆம் பிரிவு வழி தருகிறது. மூலப் பதிவை அழிக்காமல், ஓரத்தில் குறிப்பெழுதித் திருத்துவார் பதிவாளர். குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், அதற்குப் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்கலாம். பள்ளிச் சான்றிதழுக்குப் படித்த பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். அவசரத்தில் ஒரு முறையைத் தவறான எழுத்துக்கூட்டலுக்குச் செலவழித்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. பெயரையே மாற்றுவதானால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை அதைச் செய்கிறது. பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை திருத்தம் என்பதே கிடையாது; மறுவெளியீடு என்ற பெயரில் புதிய புத்தகம்தான் தருவார்கள். பழைய புத்தகத்தில் இருக்கும் விசா பழைய பெயரிலேயே இருக்கும்.

இவை எல்லாவற்றையும் விட மக்கள் முதலில் தேடிப் போவது நோட்டரியிடம். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று முத்திரைத் தாளில் உறுதிமொழி எழுதிக் கையெழுத்து வாங்குவது எளிது. ஆனால் அது ஒட்டு வேலை. துணைச் சான்றாக உதவும். மூல ஆவணத்தை மாற்றாது. அப்போஸ்டில் முத்திரை பற்றியும் இதே தவறான நம்பிக்கை உண்டு. இந்தியா 2005 முதல் ஹேக் உடன்படிக்கையின்படி தரும் அந்த முத்திரை, சான்றிதழில் உள்ள கையெழுத்தும் பதவியும் மெய் என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே ‘சரசு’ என்றிருந்தால் சரசுதான்.

எதை முதலில் திருத்துவது என்பதில் ஆலோசகர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பிறப்புச் சான்றிதழில் தொடங்கி மற்றவற்றை அதற்கு ஒத்துவரச் செய்வதே பெரும்பாலான குடும்பங்களுக்குச் செலவு குறைந்த வழி. ஏனென்றால் வெளிநாட்டில் ஏறும் ஒவ்வொரு பதிவும் பாஸ்போர்ட்டைப் பார்த்தே ஏறுகிறது. பாஸ்போர்ட்டிலேயே பிழை என்றால் விசாவுக்கு மனுப்போடும் முன் அதை மாற்றிவிட வேண்டும்.

புதிதாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்த வேலை இன்னும் முக்கியமாகிறது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் வாங்க, பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழைத் தவிர வேறெந்த ஆவணமும் ஏற்கப்படுவதில்லை.