குறுந்தகட்டில் எரித்தல்

வீட்டுக் கணிப்பொறியில் குறுந்தகட்டிற் பதிவு செய்தலை ஆங்கில வழக்கை ஒட்டி 'எரித்தல்' என நம்மவரும் கூறினர். அச்சொல்லின் பொருத்தத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1982இல் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகடு ஆலையில் அச்சில் வார்க்கப்படுவது. அதன் குழிகள் மெய்யான குழிகளே. பிலிப்சு, சோனி நிறுவனங்கள் 1990இல் வரையறுத்த எழுதுதகட்டிலோ, உலோகப் பூச்சுக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கும் இடையே சாயப்படலம் ஒன்றுண்டு. லேசர்க் கதிர் பட்ட இடத்தில் சாயம் வெப்பத்தால் திரிகின்றது. அவ்விடம் ஒளியைக் குறைவாகவே மீட்பதால், படிக்குங் கருவி அதனைக் குழியெனக் கொள்கின்றது. மாட்டிற்குச் சூடிடுதலோடு இதனை ஒப்பிடலாமேயன்றி விறகெரிதலோடு அன்று.

1995இல் ஹியூலெட் பக்கார்டு நிறுவனம் ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் எழுதுகருவியை வெளியிட்டது. இத்தொழில் மெல்ல இல்லம் புகுந்தது. கணிப்பொறி தரவினை இடையறாது ஊட்டுதல் வேண்டும். ஊட்டம் அறுபடின் தகடு பாழ். விட்ட இடத்திலிருந்து தொடரும் முறையைச் சான்யோ நிறுவனம் 2000இல் கொணர்ந்த பின்னரே அவ்வச்சம் தணியலாயிற்று.

ஆயினும் பெரிதும் கவலைக்குரியது சாயத்தின் ஆயுளே. 650 மெகாபைட் கொள்ளும் தகட்டை நம்பி மூலத்தை அழித்தோரும் உளர். ஒளியும் வெப்பமும் ஈரமும் சாயத்தைச் சிதைப்பன. சயனின் சாயம் ஒளிக்கு எளிதில் இளைப்பது. தாலோசயனின் அதனினும் உறுதியுடையது. செல்லரித்த ஏட்டில் எஞ்சிய எழுத்தைக் கூட்டிப் படித்தல் கூடும். சாயம் வெளுத்த தகடோ கண்ணுக்குப் பழுதின்றித் தோன்றியே படிக்கவொண்ணாததாகலாம். 2000ஆம் ஆண்டையொட்டி எழுதப்பெற்றவற்றை உடனே படியெடுத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. புதிய மடிக்கணினிகள் பெரும்பாலனவற்றில் அவற்றைப் படிக்குங் கருவியும் இல்லை.