தி.நகருக்குள் கார் வர கட்டணமா? உலக நகரங்களில் நடப்பது என்ன?

தீபாவளி நெருங்கினால் தி.நகரில் கார் நகராது. இதே நெரிசலுக்கு சிங்கப்பூர் கண்ட வழி, கட்டணம். 1975-லேயே பீக் ஹவரில் நகர மையத்துக்குள் கார் வர காசு வாங்கியது. 1998 முதல், சாலைக்கு மேலே உள்ள கருவியே பணத்தை எடுத்துக்கொண்டது. லண்டன் 2003-லும் நியூயார்க் 2025-லும் இதைத் தொடங்கின.

தி.நகரில் என்ன நடந்தது?

• 2019: பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை
• 2023: மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையத்துக்கு 570 மீட்டர் ஆகாய நடைமேம்பாலம்
• தணிகாசலம் சாலையில் பல அடுக்கு பார்க்கிங்

கட்டணம் வந்தா நெரிசல் குறையுமா?

லண்டன் கட்டணத்தோடு சேர்த்து பஸ்களையும் கூட்டியது. காரை விட்டு இறங்குபவருக்கு பஸ்ஸோ ரயிலோ தயாராக இருக்கணும். இல்லையென்றால் மக்களுக்கு அது இன்னொரு செலவுதான்.