டிஸ்க் பிரேக்குக்கு முன்னாடி ஒரு கேள்வி

பழைய அமெரிக்க பிக்அப்பை வாங்கிப் புதுப்பிக்கிறவங்க பிரேக்னு வந்தா முதல்ல கேட்கிறது, "முன்னாடி டிஸ்க் போடலாமா?" தாராளமா போடலாம். ஆனா அந்த வண்டிகளோட வரலாறு வேற ஒரு வரிசையைச் சொல்லுது.

செவர்லேயின் 'அட்வான்ஸ் டிசைன்' பிக்அப் 1947-ல் வந்தது. 1955 தொடக்கம் வரை தயாரானது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே. அதில் ஒரே பிஸ்டன், ஒரே அறை. நாலு சக்கரத்துக்கும் அழுத்தம் அங்கிருந்துதான் போகணும். ஒரு ஹோஸ் வெடித்தால் போதும், பெடல் தரையைத் தொடும்; நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. மிச்சம் கேபிள் ஹேண்ட்பிரேக் மட்டும். சாஃப்ட்வேர்காரங்க இதைத்தான் 'சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்போம்.

தீர்வு எளிமையானது. ஒரே சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன், இரண்டு அறை. ஒன்று முன் சக்கரங்களுக்கு, இன்னொன்று பின் சக்கரங்களுக்கு. ஒரு பக்கம் கசிந்தால் பெடல் நிறைய இறங்கும், வண்டி தாமதமாகத்தான் நிற்கும், ஆனா நிற்கும். காடிலாக் இதை 1962 மாடலிலேயே கொடுத்தது. அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் சட்டம் 1966-ல் கையெழுத்தானது; அதன் கீழ் 1968 ஜனவரி 1 முதல் கார்களுக்கு இரட்டைச் சுற்று கட்டாயம். செவர்லே பிக்அப்புக்கு 1967 மாடலில் வந்தது. அரை டன் பிக்அப்பில் முன் டிஸ்க் வழக்கமான அம்சமானது 1971-ல்தான்.

டிஸ்க் தீர்ப்பது வேறு பிரச்சினை. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறிப் பிடி தளரும். டிஸ்க் காற்றில் சீக்கிரம் ஆறும். ஆனா குழாய் வெடித்தால் டிஸ்க்கும் டிரம்மும் ஒண்ணுதான்.

டிஸ்க் போட்டால் அதோடு வேறு சிலதும் மாறணும். டிரம் ஷூ சுழற்சியில் தானே இறுகும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, அதனால பூஸ்டர் இருந்தா நல்லது. மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழேயே இருந்தால் அது கேலிப்பரைவிடத் தாழ்வு. ஆயில் பின்னோக்கி வடியும். அதைத் தடுக்க டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு, டிரம் லைனில் 10 பிஎஸ்ஐ. லோடு இல்லாத பிக்அப்பின் பின்பக்கம் லேசு; பின் சக்கரம் முதலில் லாக் ஆகாமலிருக்க புரபோர்ஷனிங் வால்வும் வேணும்.

கையில் இருக்கிற காசு ஒன்றுக்குத்தான் போதும்னா, பழைய ஹோஸ்களை மாத்திட்டு இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் போடுங்க. டிஸ்க் அப்புறம் வரட்டும்.