மென்பொருள் நின்றாலும் பாட்டு மிஞ்ச வேண்டும்



ஆண்டு விழாவுக்குக் கிளப் ஹாலில் பாட்டுப் பதிவு செய்த நம் பிள்ளைகள் சென்ற மாதம் என்னிடம் வந்தார்கள். "அங்கிள், நாங்கள் வைத்திருந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை நிறுத்திவிட்டார்களாம். அடுத்து எதை எடுப்பது?" என்று கேட்டார்கள். நான் சங்கீத வித்வான் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த விஷயத்தில் ஒருமுறை நன்றாகப் பட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல், 27 வயதிலேயே மறைந்துவிட்டார். அவர் குரலை இன்றும் நாம் கேட்க முடிகிறது. காரணம், அது 78 சுழற்சி இசைத்தட்டில் பதிவானது. அந்தத் தட்டை எந்தக் கம்பெனியின் கிராமபோனிலும் ஓட்டலாம். பெட்டி உடைந்தால் வேறு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். கேசட்டும் அப்படித்தான்: ஒரு கம்பெனி டேப், இன்னொரு கம்பெனி டேப்ரெக்கார்டர். பாட்டு வேறு, பெட்டி வேறு என்று இருந்த காலம் அது.

கணினி வந்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டன. நாம் பதிவு செய்ததை அந்த மென்பொருள் தன் சொந்தக் கோப்பு வடிவத்தில் வைத்துக்கொள்கிறது. அதை வேறொன்று திறப்பது கடினம்.

கேக்வாக் என்ற நிரலின் வரலாற்றைப் பாருங்கள். 1987-இல் அமெரிக்காவில் கிரெக் ஹெண்டர்ஷாட் என்பவர் தொடங்கியது. பின்னாளில் சோனார் என்ற பெயரில் உலகம் முழுக்க வீட்டு ஸ்டுடியோக்களில் புழங்கியது. 2013-இல் கிதார் செய்யும் கிப்ஸன் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2016-இல் "ஆயுள் முழுதும் இலவச அப்டேட்" என்று சொல்லி விற்றார்கள். யாருடைய ஆயுள் என்று யாரும் கேட்கவில்லை. 2017 நவம்பரில், இனி அதை வளர்க்கப் போவதில்லை என்று கிப்ஸன் அறிவித்தது. 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை வாங்கி, ஏப்ரலில் இலவசமாகவே கொடுத்தது. 2025-இல் அந்த இலவச நிரலுக்கும் விடை கொடுத்துவிட்டு, மறுபடி சோனார் என்ற பெயரையே கொண்டுவந்தார்கள்.

இது ஒன்று மட்டுமில்லை. நம் ஏ.ஆர். ரஹ்மான் பயன்படுத்துவதாகப் பலரும் அறிந்த லாஜிக், முதலில் விண்டோஸிலும் ஓடியதுதான். 2002-இல் ஆப்பிள் அதை வாங்கியதும் விண்டோஸ் பதிப்பு நின்றது. வைத்திருந்தவர்களுக்கு இரண்டே வழி: மேக் வாங்குவது, அல்லது வேறு நிரலுக்கு மாறுவது. 2003-இல் கூல் எடிட் ப்ரோ அடோபியிடம் போய், ஆடிஷன் என்று பெயர் மாறியது. ஆக, நிரல் கைமாறுவதும் நிற்பதும் அதிசயமில்லை. அப்போது நம் பாட்டு என்ன ஆகும் என்பதே கேள்வி.

இனி என் கதை. பென்னாகரம் பக்கத்தில் இருந்த என் அத்தை தாலாட்டும் நடவுப் பாட்டும் பாடுவார். 2015-இல் அவரை நம் வீட்டுக்கு அழைத்து வந்து, ஒரு யு.எஸ்.பி. மைக் வைத்து 11 பாட்டுகள் பதிவு செய்தேன். கணினி பழுதாகும் முன்பே பென் டிரைவில் எடுத்து வைத்தேன் என்று நிம்மதியாக இருந்தேன். 2019-இல் அத்தை காலமானார். வருடத் திதிக்குப் பாட்டுகளைப் போடலாமென்று திறந்தால் எல்லா டிராக்கும் காலி. நான் எடுத்து வைத்தது பிராஜெக்ட் கோப்பை மட்டும். குரல் இருந்த ஆடியோ ஃபோல்டர் பழைய கணினியோடு போய்விட்டது. வவுச்சர்களை விட்டுவிட்டு டே புக்கை மட்டும் பத்திரப்படுத்திய குமாஸ்தா நான். தம்பி மகனுக்கு எப்போதோ எம்.பி.3-யாக அனுப்பிய ஒரு தாலாட்டு மட்டும் மிஞ்சியது. தவறு முழுக்க என்னுடையது.

வங்கியில் லெட்ஜரிலிருந்து கணினிக்கு மாறியபோது நாங்கள் இப்படிச் செய்யவில்லை. பழைய புத்தகத்தின் பேலன்ஸை எடுத்து, புதியதில் ஏற்றி, இரண்டையும் சில காலம் சேர்த்தே ஓட்டி, டேலி ஆன பிறகுதான் பழையதை மூடினோம். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

பழைய நிரல் ஓடும்போதே ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எல்லாம் பாட்டின் ஆரம்பப் புள்ளியிலிருந்தே தொடங்கட்டும். அப்போதுதான் புதிய நிரலில் வரிசை பிசகாது. வேவ் 1991-இல் வந்த வடிவம். பெரும்பாலும் எந்த நிரலும் திறக்கும். ஸ்டீரியோவில், சி.டி. தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். எம்.பி.3 அனுப்புவதற்குச் சரி, மூலப் பிரதியாக வைக்க வேண்டாம். கீபோர்டில் வாசித்ததை மிடி கோப்பாகவும் எடுத்து வையுங்கள்.

அடுத்து எந்த நிரல்? பேச்சு, பஜனை, பாட்டி பாட்டு பதிவுக்கு ஆடாசிட்டி போதும். 2000-லிருந்து இருக்கிறது, இலவசம், மூலநிரலும் திறந்தது. பல டிராக் வேலைக்கு ரீப்பரை 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். ஆப்பிள் கணினி இருந்தால் கராஜ்பேண்ட் இருக்கிறது. எதை எடுத்தாலும் முதல் நாளே ஒரு சின்னப் பாட்டைப் பதிவு செய்து, வேவாக எக்ஸ்போர்ட் செய்து, வேறு நிரலில் திறந்து பாருங்கள். உள்ளே போவது எல்லாவற்றிலும் சுலபம். வெளியே வர முடிகிறதா என்பதுதான் பரீட்சை.

நம் பிளாக்குகளில் பாடத் தெரிந்த பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள். இந்தக் காலாண்டுக்குள் அவர்கள் குரலைப் பதிவு செய்து, இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். கையில் ஏற்கெனவே பழைய பதிவு இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே திறந்து பாருங்கள்.