எட்டு நிமிடங்கள்: ஜிம் பீட்டர்ஸும் மாரத்தானின் வேகமும்

1935இல் டோக்கியோவில் கொரிய வீரர் சோன் கீ-சுங் 2 மணி 26 நிமிடம் 42 விநாடியில் மாரத்தான் ஓடினார். 1947இல் பாஸ்டனில் சு யுன்-போக் அதை 2:25:39 ஆக்கினார். பன்னிரண்டு ஆண்டுகளில் குறைந்தது ஒரு நிமிடமும் சில விநாடிகளும்தான். இடையில் உலகப் போர் குறுக்கிட்டதும் உண்மை. அடுத்து வந்த ஆங்கிலேயர் ஒருவர், 1952க்கும் 1954க்கும் இடையில், அதிலிருந்து எட்டு நிமிடங்களைக் குறைத்தார். ஆனால் ஜிம் பீட்டர்ஸ் என்றதும் விளையாட்டு வரலாறு நினைவில் வைத்திருப்பது அவர் விழுந்ததைத்தான்.

1918இல் லண்டனில் பிறந்த பீட்டர்ஸ் தொழிலால் மூக்குக்கண்ணாடி நிபுணர். ஓடுதளத்தில் தொடங்கியவர், 1946இல் ஆறு மைல் ஓட்டத்தில் தேசியப் பட்டம் வென்றார். 1948 லண்டன் ஒலிம்பிக்கின் 10,000 மீட்டர் ஓட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாடோபெக் அவரை ஒரு முழுச் சுற்று முந்தினார். ஓட்டத்தையே விட்டுவிட எண்ணியவரை மாரத்தானுக்குத் திருப்பியவர் பயிற்சியாளர் ஜானி ஜான்ஸ்டன்.

மாரத்தான் என்றால் நிதானமாக நெடுந்தூரம் ஓடிப் பழகுவது என்ற எண்ணமே அப்போது நிலவியது. பீட்டர்ஸ் வாரத்துக்கு நூறு மைல் அளவில், பெரும்பாலும் போட்டி வேகத்திலேயே ஓடினார். தூரத்தைத் தாங்குவது மட்டுமல்ல, வேகத்தைத் தாங்குவதும் பயிற்சியால் வரும் என்பதே இதன் அடிப்படை. ஜாடோபெக் ஓடுதளத்தில் காட்டிய கடுமையைச் சாலைக்குக் கொண்டுவந்தவர் பீட்டர்ஸ் என்று சொல்லலாம்.

பலன் விண்ட்சரிலிருந்து சிஸ்விக் வரை நடந்த பாலிடெக்னிக் மாரத்தானில் தெரிந்தது. 1951இல் முதல் முயற்சியிலேயே 2:29:24. அதுவே புதிய பிரிட்டிஷ் சாதனை. 1952இல் 2:20:42, 1953இல் 2:18:40, 1954இல் 2:17:39. சாலைத் தடங்கள் ஊருக்கு ஊர் மாறுவதால் இவற்றை உலகின் சிறந்த நேரங்கள் என்றே சொல்ல வேண்டும். தடம் குறைவாக இருந்திருக்கலாமே என்ற ஐயம் நியாயமானதுதான். ஆனால் 1953 அக்டோபரில் ஃபின்லாந்தின் டுர்க்குவிலும் அவர் 2:18:34 ஓடினார். பழைய உச்சமான 2:25:39இல் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 207 விநாடி ஆனது. 1954இல் பீட்டர்ஸுக்கு 196 விநாடி போதுமாயிற்று.

இந்த வேகத்துக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைக்கவில்லை. 1952 ஹெல்சிங்கியில் தொடக்கத்தில் முன்னிலையில் ஓடியவர், சுமார் 32 கிலோமீட்டருக்குப் பின் தசைப்பிடிப்பால் விலகினார். வேகம் போதுமா என்று ஓடிக்கொண்டே ஜாடோபெக் கேட்டதாகவும், போதாது என்று பீட்டர்ஸ் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு; சொல்பவருக்கேற்ப அது மாறும். ஜாடோபெக் வென்ற நேரம் 2:23:03. ஆறு வாரத்துக்கு முன் பீட்டர்ஸ் ஓடியதைவிட அது 2 நிமிடம் 21 விநாடி கூடுதல் என்பதுதான் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது.

1954 ஆகஸ்ட் 7, வான்கூவர் பேரரசு விளையாட்டுப் போட்டி. கடும் வெயில், பதினாறு பேர் தொடங்கி ஆறு பேரே முடித்தனர். சுமார் 17 நிமிட முன்னிலையுடன் அரங்குக்குள் வந்த பீட்டர்ஸ் நிலைதடுமாறி விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். சுமார் இருநூறு மீட்டருக்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று. வேறு போட்டிகளுக்கான கோட்டைத் தாண்டியதும் அணியின் மசாஜ் பணியாளர் அவரைத் தாங்கிப் பிடித்தார். மாரத்தானின் முடிவுக்கோடோ இன்னும் தள்ளியிருந்தது. ஸ்காட்லாந்தின் ஜோ மெக்கீ 2:39:36இல் தங்கம் வென்றார். வெற்றிக்கு அந்த நேரமே போதும் என்ற நாளில், பீட்டர்ஸ் தம் வழக்கமான வேகத்திலிருந்து இறங்கவில்லை. வெயிலுக்கேற்ப வேகத்தைக் குறைக்கும் கலை அவருடைய முறையில் இடம்பெறவில்லை. அதுவே அதன் உண்மையான குறை என்று தோன்றுகிறது.

அதன் பின் அவர் போட்டியில் ஓடவில்லை. எடின்பரோ கோமகன் பிலிப் பாராட்டுப் பதக்கம் ஒன்றை அனுப்பிவைத்தார். 2:17:39 என்ற நேரத்தை 1958இல் ஸ்டாக்ஹோமில்தான் சோவியத் வீரர் செர்கேய் போப்போவ் 2:15:17 ஓடித் தாண்டினார்.