தலையணைக்கு அடியில் இருந்த ஹஜ்ஜுப் பணம்

மேடவாக்கத்தில் நம் மக்தபுக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்து வரும் பெரியவர்களிடம் பேசும்போது ஒரே பெருமூச்சை அடிக்கடி கேட்கிறோம். "நிய்யத் வைத்து முப்பது வருஷம் ஆகிறது ஹஜ்ரத்! மகளின் நிக்காஹ், மகனின் படிப்பு, பிறகு வீடு என்று எல்லாம் போய்விட்டது." அறுபது வயதில் ஹஜ்ஜும் கூடவில்லை, முதுமைக்கென்று கையிருப்பும் இல்லை. ஹஜ்ஜுக்காக அரசு அளித்து வந்த மானியத்தைப் படிப்படியாக நிறுத்தும்படி 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இல் அது முற்றாக நின்றது. இனி முழுச் செலவும் குடும்பத்தின் பொறுப்பே.

இந்நிலைமையை எண்ணும்போதெல்லாம் மலாயாவின் வரலாறு ஒன்று நம் நினைவுக்கு வருகிறது. நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சென்று பிழைத்த அதே மலாயாதான்.

அங்கே கிராமத்து மலாய் முஸ்லிம்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தே ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். ஆனால் வங்கியில் போட்டால் வட்டி வரும், வட்டியோ ஹராம். எனவே தலையணைக்கு அடியிலும் வீட்டின் மூலைமுடுக்குகளிலும் பணத்தை ஒளித்து வைத்தார்கள். அது போதாமற் போனால் நிலத்தையும் மாட்டையும் விற்றார்கள். ஹாஜியாராகத் திரும்பியவருக்கு உழ நிலமில்லை. எஞ்சிய காலம் பிள்ளைகளின் தயவில் கழிந்தது. இதை வெறும் ஏழ்மை என்று கடந்து செல்லாமல் உற்று நோக்கியவர் உங்கு அஸீஸ் என்னும் பொருளியல் அறிஞர். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்தவர். ஹஜ்ஜுக்குச் செல்வோரின் பொருளாதார நிலையைச் சீர்செய்யும் திட்டமொன்றை எழுதி 1959-இல் அரசிடம் அளித்தார்.

அந்த எளிய விவசாயிகளுக்குச் சிக்கனம் தெரியாது என்று அவர் குறை கூறவில்லை. சிக்கனம் அவர்களிடம் ஏற்கனவே இருந்தது. அவர்களின் மனசாட்சி ஏற்கும் ஓர் இடம்தான் இல்லை. இதுவே நம்மை வியக்க வைக்கிறது. மிம்பரில் நின்று சேமிப்பைப் பற்றி நாம் செய்யும் பயான்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

அல்அஸ்ஹரின் தலைமை அறிஞர் ஷைகு மஹ்மூது ஷல்தூத் அவர்களும் அத்திட்டத்திற்கு ஒப்புதல் தந்தார்கள். 1963-இல் ஹஜ்ஜுப் பயணிகளுக்கான சேமிப்பு நிறுவனம் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர் மட்டுமே. பினாங்கில் 1951 முதல் இயங்கி வந்த ஹஜ்ஜு அலுவலகம் 1969-இல் இதனோடு இணைந்தது. அதுவே இன்றைய தாபுங் ஹாஜி. பணம் வட்டிக்கு விடப்படுவதில்லை. தோட்டங்களிலும் கட்டடங்களிலும் தொழில்களிலும் முதலீடு செய்யப்பட்டு, ஜகாத் கழித்த பின் இலாபம் பங்கிடப்படுகிறது. ஹஜ்ஜுக்குப் பதிந்தோரின் வரிசை மிக நீண்டுவிட்டதால், பெற்றோர் சிறு குழந்தைகளின் பெயரிலேயே கணக்குத் தொடங்கும் பழக்கம் வந்தது. ஹஜ்ஜு என்ற ஒரு நோக்கம், ஒரு சமுதாயத்தையே இளமையிலிருந்து சேமிக்கப் பழக்கிவிட்டது.

சேர்த்து வைப்பது தவக்குலுக்கு முரணானது என்று சிலர் நம்மிடம் வாதிடுவதுண்டு. யூசுப் நபி (அலை) அவர்கள் ஏழாண்டு விளைச்சலைக் கதிரிலேயே விட்டுவைக்கச் சொன்னது எதற்காக? ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) நோயுற்றிருந்தபோது தம் செல்வத்தில் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்களோ மூன்றில் ஒரு பங்கே அதிகம் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதினும் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்று விளக்கினார்கள்.

தாபுங் ஹாஜியின் கதையில் கறையும் உண்டு. அதை மறைப்பது அமானிதமாகாது. 2017-ஆம் ஆண்டுக் கணக்கில் அதன் சொத்துகளைவிடப் பொறுப்புகள் சுமார் 410 கோடி ரிங்கிட் அதிகம் என்று மறு ஆண்டு தெரியவந்தது. பெறுமதி குன்றிய சொத்துகளை அரசு தனி நிறுவனமொன்றுக்கு மாற்றித்தான் அதை நிமிர்த்த வேண்டியிருந்தது. புனிதமான பெயர் தணிக்கைக்கு ஈடாகாது. 'ஹலால் இலாபம்' என்ற விளம்பரத்தை நம்பி முதலை இழந்த குடும்பங்களை நாமும் கண்டிருக்கிறோம். அவர்களுள் ஒருவர் ஆட்டோ ஓட்டிச் சேர்த்த பத்து வருடப் பணத்தை இழந்தவர்.

நம் நாட்டில் தாபுங் ஹாஜி போன்ற ஏற்பாடு இல்லை. நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்காவது 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பி.எஃப். பிடிக்கப்படுகிறது. வேளச்சேரி சாலையோரக் கடையில் நிற்கும் பையனுக்கும், மக்தபில் ஓதிக்கொடுக்கும் நமக்கும் அதுவும் இல்லை. சென்ற ஷவ்வாலில் நம் ஜமாஅத்தின் இளைஞர்கள் சிலர் அமர்ந்து பேசினார்கள். மாதம் ஐந்நூறு ரூபாய் ஒதுக்கி, கிராம் கிராமாகத் தங்கம் வாங்குவதா, வட்டித் தொழிலைத் தவிர்க்கும் பங்கு ஃபண்டுகளில் போடுவதா என்று இஷா வரை விவாதம் நடந்தது. முடிவாகவில்லை. ஆனால் அவர்களுள் மூத்தவருக்கு வயது இருபத்து நான்குதான்.