31 சிலுவை, 55 குழி
ஹாரர் படத்துல பேய் எப்போ வரும்னு காத்திருப்போம். இந்தக் கதையில பேயே கிடையாது.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம், மரியானா. 1900-ல அங்கே அரசு ஒரு சிறுவர் சீர்திருத்தப் பள்ளியைத் திறந்தது. ஸ்கூலுக்குக் கட் அடிச்ச பசங்களைக்கூட அங்கே அனுப்பினாங்க. வளாகத்துல 'ஒயிட் ஹவுஸ்'னு ஒரு சின்னக் கட்டடம். உள்ளே தோல் வாரால அடிப்பாங்க. அலறல் கேட்காம இருக்க பெரிய ஃபேனை ஓடவிடுவாங்கன்னு தப்பிப் பிழைச்சவங்க சொல்றாங்க.

2011-ல பள்ளி மூடப்பட்டது. இடுகாட்டுல இருந்தது 31 சிலுவை. தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சது 55 குழி. பாதிக்கு மேல சிலுவை நின்ன இடத்துக்கு வெளியே, காட்டுக்குள்ள.

2017-ல மாநிலச் சட்டமன்றம் மன்னிப்பு கேட்டது. டி.என்.ஏ. சோதனையால சில குடும்பங்களுக்கு எலும்பாவது வீடு திரும்புச்சு. மத்த பசங்க இன்னும் வெறும் எண்ணிக்கைதான்.